ஐம்பது அடி

டேப்பை நான்தான் பிடித்தேன்.
குழிக்கும் ஊற்றுக்கும் நடுவே ஐம்பது அடி,
விரற்கடை கூடுதலாகவே.
மேலேயா கீழேயா என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன்.
சேலம் போய்ச் சேர்வதற்குள்
இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஒன்றில்கூட எனக்கு உறைக்கவில்லை,
தண்ணீரும் என்னைப்போலக்
கீழேதான் இறங்குமென்று.

அதற்கு முன் சுனைக்காட்டுப் பள்ளியில்
பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தால் போக வேண்டும்.
போவதென்றால் காப்பித் தோட்டம்;
சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒருத்தி,
அவளுக்குக் காவலாய் இன்னொருத்தி,
காவல் நிற்பவள் காலில் முசுறு.
நாலரை மணிவரை
நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட
வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

கழிப்பறை வந்தது. நீல ஓடு, உள்தாழ்ப்பாள்.
குப்பண்ணன் மேஸ்திரி தாழ்ப்பாளைத்
தன் தோள் உயரத்துக்கு வைத்துவிட்டு,
எஸ்தர் டீச்சர் சத்தம் போட்ட பிறகு
ஒன்றாம் வகுப்புக்கு எட்டுகிற மாதிரி
இன்னொன்றும் வைத்தார்.
பிள்ளைகள் குடிக்கத் தொடங்கினார்கள்.
டம்ளர் டம்ளராக, போட்டி வைத்து.

ஆவணியில் வருகைப் பதிவேட்டில்
பதினொரு பெயருக்கு நேரே ஆப்சென்ட்.
சேர்வராயனைக் கேட்காமல்
மண்ணைத் தோண்டினது தப்பு என்றார்கள் ஊரில்.
கொய்யாக்காய் தின்றிருப்பார்கள் என்றார்கள்
எங்கள் அலுவலகத்தில்.

ஐப்பசி மழையில் குப்பிகளோடு போனேன்.
விரல் நீளக் குப்பி. கழுத்துவரை நிரப்பி
ஒரு நாள் வைக்க வேண்டும்.
கறுத்தால் பீ கலந்த தண்ணீர்.
(படிவத்தில் இதற்கு
நாகரிகமான சொல் இருக்கிறது.)
வைத்தேன். கறுக்கவில்லை.
நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஏழாம் வகுப்பு சுவாதிகா
பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"சூடான எடத்துல வெக்கணும்னு போட்டிருக்கே சார்,
எங்க ஊர்ல அது எங்க இருக்கு?"

இரண்டாவது குப்பியை அவளே எடுத்துப்போனாள்.
ஸ்வெட்டருக்குள், கம்பளிக்குள்,
தம்பியின் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் இடையே
அடைகாத்தபடி
ராத்திரி முழுக்கப் புரளாமல் கிடந்தாளாம்.

காலையில் மேசைமேல் வைத்தாள்.
அடுப்புக்கரிகூட அவ்வளவு கறுப்பில்லை.
யாரும் எதுவும் பேசவில்லை.
டீச்சர் மட்டும் ஜன்னல் வழியே பார்த்தார்:
மேலே நீல ஓடு,
கீழே ஊற்று,
நடுவில் சரிவாக என் ஐம்பது அடி.

"அன்னிக்கே கேக்கலாம்னு நெனச்சேன் சார்"
என்றார் குப்பண்ணன்.
"நீங்க டேப்பு வெச்சிருந்தீங்க."

கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டது நான்தான்.
மூன்று மாதம் மறுபடியும் சில்வர் ஓக்,
மறுபடியும் முசுறு.
சாவி என் சட்டைப்பையில் கிடந்து
ஒவ்வொரு வளைவிலும் சத்தம் போட்டது.
தையில் ஊற்றுக்குக் கீழே, தள்ளி,
பாறையை உடைத்துப் புதுக் குழி.
ஊற்றைச் சுற்றிக் கல்கட்டு, மேலே மூடி,
கீழே ஒரு குழாய்.
இந்த முறை டேப்போடு
மட்டப்பலகையும் எடுத்துப் போயிருந்தேன்.

மாசியில் மூன்றாவது குப்பி.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
தேன் நிறம்.
நான் பேனாவைத் திறந்தேன்.
அவள் குப்பியைத் தரவில்லை.
"ராத்திரி தம்பி கம்பளிய இழுத்துட்டான் சார்.
குப்பி ஜில்லுனு ஆயிடுச்சு.
இன்னொரு நாள் வெச்சுப் பாக்கறேன்."

பேனாவை மூடினேன்.
கீழே ஏதோ ஒரு வளைவில்
மூன்றே முக்கால் பஸ்
ஹாரன் அடித்துவிட்டுப் போனது.